புதுப்பித்தலின் இலக்கணமும் மண்ணூர்பேட்டைக் கணினிகளும்

மண்ணூர்பேட்டையில், சி.டி.எச். சாலையை விட்டு உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் மடிக்கணினி பழுது பார்க்கும் கடை இருக்கிறது. கடை என்றால் ஒரு ஷட்டர் அகலம், அவ்வளவுதான். மேசைமேல் ஹீட் கன், சிறு ஸ்குரூக்களைப் போட்டு வைத்த டப்பா மூடிகள், ராமைக் கழற்றித் துடைப்பதற்குப் பள்ளிக்கூட ரப்பர். பின்சுவரை ஒட்டிப் பழைய மடிக்கணினிகள் அடுக்கிக் கிடக்கின்றன. பாதிக்கு மேல் கோபுர முத்திரை போட்டவை, அரசு கொடுத்தவை. சிலவற்றின் மூடியில் முன்னாள் முதலமைச்சரின் படம் இன்னும் இருக்கிறது. சிலவற்றில் அதன் மேலேயே யாரோ கிரிக்கெட் வீரரின் ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார்கள்.

2025 நவம்பரில் ஒரு மாலை நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடிந்து வந்த ஒரு அம்மா பையிலிருந்து அப்படி ஒன்றை எடுத்து வைத்தார். மூத்த மகளுக்குப் பிளஸ் டூவில் கிடைத்தது. இப்போது கல்லூரிக்குப் போகும் இளையவள் வைத்திருக்கிறாள். பழுது என்று ஒன்றுமில்லை. திரையில் ஏதோ வந்துகொண்டே இருக்கிறது, அது என்னவென்று பார்க்க வேண்டும். கடைப் பையன் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இதுல லெவன் ஏறாதுக்கா. பத்துக்கு இனிமே அப்டேட் வராது. அதைத்தான் சொல்லுது."

"நல்லாத்தானே தம்பி ஓடுது?"

"ஓடுதுக்கா. இருக்கு. ஆனா இல்ல."

இந்த 'இருக்கு, ஆனா இல்ல' என்பதை வேதாந்தமாக எடுத்துக்கொண்டு நாலு பக்கம் எழுதும் ஆபத்து நம் சூழலில் எப்போதும் உண்டு. வேண்டாம். அந்தப் பையன் சொன்னது முழுக்க முழுக்க உடைமை பற்றிய வாக்கியம். ஒரு பொருள் கையில் இருக்கிறது, இயங்குகிறது, யாரும் பறித்துக்கொண்டு போகவில்லை. ஆனால் அதன் ஆயுளை எழுதி வைத்திருக்கும் பேரேடு வேறெங்கோ இருக்கிறது. விண்டோஸ் பத்துக்கு மைக்ரோசாப்ட் தன் பொது ஆதரவை நிறுத்திய நாள் 2025 அக்டோபர் 14. ஏழுக்கு 2020 ஜனவரி 14. எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8. கருமாதித் தேதிபோல இவை முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. பதினொன்றுக்கு மாறலாம்தான், அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன செயலி வேண்டும். எட்டாம் தலைமுறை வெளிவந்தது 2017இல். அதாவது தமிழக அரசு 2011இலிருந்து முதல் ஐந்தாறு ஆண்டுகள் கொடுத்த மடிக்கணினிகள் எதுவும் இந்தக் கதவுக்குள் முறைப்படி நுழைய முடியாது. மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் வேண்டுமென்றால் முப்பது டாலர் கட்டலாம், அல்லது அவர்களிடம் ஒரு கணக்கைத் திறந்து நம் அமைப்புகளை அவர்களின் மேகத்தில் வைக்கச் சம்மதிக்கலாம். ஐரோப்பிய நாடுகளில் நுகர்வோர் அமைப்புகள் நெருக்கியதும் இந்த நிபந்தனைகள் தளர்த்தப்பட்டு, கட்டணமும் இல்லையென்று ஆயிற்று. நெருக்குவதற்கு ஆள் இருக்கும் ஊரில் காலம் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது போலும்.

இதை 'திட்டமிட்ட வழக்கொழிப்பு' என்று பெயரிட்டு முடித்துவிடுவது நம் இடதுசாரி நண்பர்களின் வழக்கம். அதற்கு முன்னுதாரணமும் கைவசம் வைத்திருப்பார்கள்: 1924இல் ஜெனீவாவில் பல்ப் கம்பெனிகள் கூடி, எந்த பல்பும் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது என்று ஒப்பந்தம் செய்துகொண்ட கதை. உண்மையான கதைதான். ஆனால் பல்ப் எரிந்து போனால் போனதுதான். இழை அறுந்துவிட்டது, கண்ணால் பார்க்கலாம். இங்கே இழை அறுவதில்லை. எரிந்துகொண்டிருக்கும் பல்பைப் பார்த்து 'இது இனி பல்ப் அல்ல' என்று ஒரு அறிவிப்பு வருகிறது. இந்த வேறுபாட்டைப் பேசாமல் பழைய சொல்லால் புதிய உறவை மூடிவிடுவது சோம்பேறித்தனம்.

அம்பத்தூர் எஸ்டேட்டின் லேத்துப் பட்டறைகளில் இந்த வேறுபாட்டை இன்னும் நன்றாகப் பார்க்கலாம். 1960களில் உருவான எஸ்டேட் இது. அப்பா காலத்தில் வாங்கிய லேத்தை மகன் ஓட்டும் பட்டறைகள் உண்டு. பெட்டில் தேய்மானம் வந்தால் சுரண்டிச் சரிசெய்வார்கள், புஷ் மாற்றுவார்கள், எண்ணெய் விடுவார்கள். அந்த மெஷினுக்கு ஒரு வயது உண்டென்றால் அது அதன் இரும்பிலும் அதை ஓட்டுகிறவரின் விரலிலும் சேர்ந்து ஏறிய வயது. பக்கத்துப் பட்டறையில் சி.என்.சி. மெஷின் நிற்கிறது. அதன் இரும்பு இன்னும் இருபது வருடம் உழைக்கும். அதைக் கட்டுப்படுத்தும் கணினியில் இருப்பதோ எக்ஸ்.பி. பட்டறைக்காரர் அதை எந்த நெட்வொர்க்கிலும் சேர்க்காமல், பென்டிரைவ்கூடச் செருக விடாமல், தீட்டுக்காரரை ஒதுக்கி வைப்பதுபோல் ஒதுக்கி வைத்திருக்கிறார். (உவமை என்னுடையது, அவர் சொன்னது, "மெஷினுக்கு வயசாகலை சார், உள்ள இருக்கிற ஓ.எஸ்.ஸுக்கு வயசாயிடுச்சு.") ஆயுத பூஜையன்று லேத்துக்கும் சி.என்.சி.க்கும் ஒரே சந்தனம், ஒரே குங்குமம். எண்ணெய் விடுவது பராமரிப்பு. அது நம் கையில் இருந்தது. புதுப்பித்தல் பராமரிப்பு அல்ல. பராமரிக்கும் உரிமையைப் பயன்படுத்துகிறவனிடமிருந்து எடுத்து, செய்தவனிடமே நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

சட்டத்தின் மொழியில் சொன்னால் நாம் மென்பொருளை வாங்குவதே இல்லை, உரிமம் பெறுகிறோம். நம் ஊர்ச் சொல் குத்தகை. இங்கே ஒன்றை நினைவுகொள்ள வேண்டும். குத்தகை விவசாயியைக் காரணமின்றி நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்று 1955இல் சென்னை மாநிலத்தில் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுவும் சும்மா வரவில்லை. தஞ்சையில் அதற்கு முன் எவ்வளவு நடந்தது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கணினியின் குத்தகைதாரருக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தது. தகவல் தரும் தளம். அதைக் காட்டி ஒரு புதுப்பித்தலையும் தடுக்க முடியாது.

திரையில் வந்த அந்த அறிவிப்புக்கு வருகிறேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குக் கணினி பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: அது ஒரு வாக்கியம், வாக்கியத்தை வாசிப்பது என் தொழில்.

தமிழ் இடைமுகங்களில் பொத்தான்களைக் கவனித்திருப்பீர்கள். சேமி, நீக்கு, பகிர், நிறுவு, புதுப்பி. எல்லாம் முன்னிலை ஒருமை ஏவல். யாரை ஏவுகிறோம்? கணினியை. நாம் அதை 'நீ' என்கிறோம். அது நம்மிடம் பேசும்போது மட்டும் 'உங்கள் கணினி', 'உங்கள் கோப்பு' என்று பன்மையில் பணிகிறது. மேலேயிருந்து 'டேய்', கீழேயிருந்து 'ஆண்டே' என்னும் பண்ணை வீட்டு மொழி கண்ணாடித் திரையில் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது. நமக்கும் கொஞ்சம் குளிர்கிறது. ஏவுவதற்கு ஒரு ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் குளிராது! சில மொழிபெயர்ப்பாளர்கள் நாகரிகம் கருதி 'சேமிக்கவும்', 'புதுப்பிக்கவும்' என்று எழுதினார்கள். அங்கேதான் குட்டு உடைகிறது. 'புதுப்பிக்கவும்' என்று யார் யாரைப் பார்த்துச் சொல்வது? நான் கணினியையா, கணினி என்னையா? தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் விளிக்கென்றே ஒரு தனி இயல் உண்டு. வேற்றுமைகளில் எட்டாவதாக நிற்பது விளி. அல்துஸ்ஸர் 1970இல் எழுதிய கட்டுரையில், தெருவில் போலீஸ்காரரின் கூப்பிடலுக்குத் திரும்பிப் பார்க்கும் கணத்தில் ஆள் தன்னிலையாகிறான் என்றார். இங்கே கூப்பிடுகிறவர் தெரிவதில்லை, கூப்பிடப்படுவது யார் என்பதும் குழம்பிக் கிடக்கிறது. ஆனால் திரும்பிப் பார்த்துவிடுகிறோம். பார்த்ததும் நமக்கு ஒரு பெயர் கிடைக்கிறது: பயனர்.

அதைவிட முக்கியமானது அந்த அறிவிப்பில் இல்லாத சொல். 'இப்போது', 'இன்று இரவு', 'பிறகு நினைவூட்டு' என்பது போல இரண்டு மூன்று தெரிவுகள் இருக்கும். 'வேண்டாம்' இருக்காது. எதிர்மறைக்குத் தமிழில் பஞ்சமில்லை. இல்லை, அல்ல, வேண்டாம், முடியாது, மாட்டேன் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தனிப் பொருள். கூலிக்காக, கோயிலுக்குள் நுழைவதற்காக, தெருவில் செருப்புப் போட்டு நடப்பதற்காக நடந்த எல்லாப் போராட்டமும் ஏதோ ஒரு 'மாட்டேன்' வழியாகத்தான் மொழிக்குள் வந்திருக்கிறது. அந்த வினையை இந்த இலக்கணம் எடுத்துவிட்டு, அதன் இடத்தில் 'பிறகு' என்ற காலச் சொல்லை வைத்திருக்கிறது. மறுப்பதற்குப் பதில் தள்ளிப்போடலாம். நம் கோஷ்டிகளின் எதிர்ப்பு அரசியலும் அநேகமாக இந்தப் பொத்தானோடு நின்றுவிட்டது என்று தோன்றுகிறது, போகட்டும்.

அந்த அம்மா கொண்டு வந்த பெட்டிக்கு இன்னொரு வாக்கியமும் உண்டு. அதன் அரசுப் பெயர் 'விலையில்லா மடிக்கணினி'. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய திட்டம். 'இலவசம்' என்ற சொல் ஏளனமாகிவிட்டதால் 'விலையில்லா' வந்தது. விலை இல்லாதது என்றும் படிக்கலாம், விலைமதிப்பற்றது என்றும் படிக்கலாம், விற்க முடியாதது என்றும் படிக்கலாம்; மூன்றுமே ஒரு வகையில் உண்மை. ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்து, 2020இல் பெருந்தொற்றோடு நின்றது. பிறகு 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு என்று மறுபடி அறிவிக்கப்பட்டது.

இந்தத் திட்டத்தை மத்தியதர வர்க்க அறிவுஜீவிகள் எப்படிக் கேலி செய்தார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. 'பசங்க சினிமாதான் பார்ப்பாங்க' என்றார்கள். பார்த்தார்கள்தான். தங்கள் பிள்ளைகள் கணினியில் சினிமா பார்த்தபோது அது 'எக்ஸ்போஷர்' என்று அழைக்கப்பட்டது. மண்ணூர்பேட்டையிலும் பாடியிலும் கொரட்டூரிலும் ஒண்டுக் குடித்தன வீடுகளில் முதன்முதலாக ஒரு பெண் தன் பெயரில் ஒரு பொருளை, அதுவும் பூட்டிவைக்கக் கடவுச்சொல் உள்ள ஒரு பொருளை, வைத்துக்கொண்டது இந்தத் திட்டத்தால்தான். வீட்டில் அவளுக்குத் தனி அலமாரிகூடக் கிடையாது. இதைக் கணக்கில் எடுக்காத எந்த விமர்சனமும் எனக்கு உவப்பானதல்ல. ஆனால் கொடுத்தவர்களும் கேலி செய்தவர்களும் சேர்ந்து ஒன்றைத் தவறவிட்டார்கள். பெட்டியைக் கொடுத்தது அரசு. பெட்டியின் நாட்காட்டி அரசிடமும் இல்லை. ஒரு மாநிலத்தின் அரை கோடிப் பிள்ளைகள் கையிலிருக்கும் பொருள் எந்தத் தேதியில் 'இல்லாமல்' போகும் என்று தீர்மானிக்கும் இடத்தில் அந்த மாநிலத்துக்கு ஒரு நாற்காலிகூடக் கிடையாது.

அப்படியானால் புதுப்பிக்காமலே இருந்துவிடலாமே என்றால், அது அவ்வளவு எளிதல்ல. 2017 மே 12இல் 'வான்னகிரை' என்ற கிருமி 150 நாடுகளுக்கு மேல் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள், பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. இதற்கு நேர் எதிரான கதை 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் நீலத் திரையில் நின்றுபோயின. அன்று நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். போடாததால் ஒரு சாவு, போட்டதால் ஒரு சாவு. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், புதுப்பித்தல் நல்லதா கெட்டதா என்ற கேள்வி பட்டிமன்றத்துக்கானது என்று புரியும். அதை முடிவு செய்யும் அறையில் யார் இருக்கிறார்கள், இழப்பு யார் தலையில் விழுகிறது என்பதே கேள்வி. அந்தக் கடைக்கு வரும் கணினிகளில் பலவற்றில் இருப்பது காசு கொடுக்காத ஓ.எஸ். அது பிடிபடாமல் இருக்க, போட்டுக் கொடுக்கும்போதே அப்டேட்டை நிறுத்திவிடுகிறார்கள். ஏழைகளின் கணினிகள்தான் புதுப்பிக்கப்படாதவை. கிருமிக்கு முதலில் கதவு திறந்திருப்பதும் அங்கேதான்.

கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் இந்த இடத்தில் கையை உயர்த்துவார்கள். அவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. அரசின் மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் குரல் கொடுத்தவர்கள் அவர்கள்தான். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அந்த இயங்குதளம் பல மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்தே இருந்தது. திறந்து பார்த்தவர்கள் குறைவு. கடைப் பையனைக் கேட்டேன். "போடலாம்ணே, பழைய மெஷின்ல நல்லாவே ஓடும். ஆனா அக்கா பொண்ணு டேலி கத்துக்குது. அதுல டேலி கேட்டா நான் எங்க போவேன்?" அவன் சொன்னதில் நம் தனிநபர்வாத முற்போக்கின் மேல் ஒரு அடி இருக்கிறது. 'லினக்ஸ் போடு' என்பது, 'சாதியை விடு' என்று தனியாளுக்கு அறிவுரை சொல்வது போலத்தான். சந்தையும் பயிற்சி நிலையமும் வேலைக்கு எடுப்பவரும் அப்படியே இருக்க, அவள் மட்டும் மாற வேண்டும்.

கூட்டாகச் செய்ய முடியுமா என்றால், முடியும் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. கேரளத்தில் அரசுப் பாடத்திட்டப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் கணினிப் பாடம் நடத்துகின்றன. பத்தாம் வகுப்புத் தேர்வுவரை அதில்தான். 'கைட்' என்ற அரசு அமைப்பு அதற்கான இயங்குதளத்தைத் தொகுத்துக் கொடுக்கிறது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. அங்கேயும் அப்டேட் உண்டு. ஆனால் எது, எப்போது, மலையாளத்தில் எப்படி என்பதைத் திருவனந்தபுரத்தில் பேசலாம், சண்டை போடலாம். சண்டை போட ஒரு முகவரி இருக்கிறது என்பதே பெரிய விஷயம்.

இவ்வளவும் யாரோ ஒரு அம்மாவின் பிரச்சினை என்று நினைத்துத்தான் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தேன். என் பையில் ஒரு சி.டி. இருந்தது. தொண்ணூறுகளில் நான்கைந்து இதழ்களோடு நின்றுபோன ஒரு சிறுபத்திரிகையின் கோப்புகள். அதை நடத்தியவர் என்னைவிட இருபது வயது மூத்தவர், இப்போது பார்வை மங்கிவிட்டது. 'எல்லாம் இதுல பத்திரமா இருக்குப்பா' என்று கொடுத்திருந்தார். பையன் சி.டி.யைப் படிக்கவைத்துவிட்டான். கோப்புகள் திறந்தன. உள்ளே தமிழ் இல்லை. ரோமன் எழுத்தும் குறிகளும் கலந்த, வாந்தி போன்ற ஒன்று. அங்கேயும் அதே வாக்கியம்: இருக்கு, ஆனா இல்ல.

காரணம் மர்மமானதல்ல. அந்தக் காலத்தில் ஒவ்வொரு மென்பொருள்காரரும் ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தங்கள் விருப்பம்போல் தமிழ் எழுத்தின் வடிவங்களை உட்காரவைத்தார்கள். ஒருவரின் 'க' இன்னொருவரின் 'ழ'. குறிப்பிட்ட எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லையென்றால் குப்பை. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் மாநாட்டில் டாம், டாப் என்று தரம் வகுத்துப் பார்த்தார்கள். 1991இலேயே யூனிகோடில் தமிழ் இடம்பெற்றிருந்தாலும், 1988இன் இஸ்கி முறையை ஒட்டி அது அமைந்ததில் பலருக்குக் குறை. அந்தச் சண்டை முடிந்து தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010 ஜூனில்தான். இங்கே என் வாதத்துக்கு எதிராக நானே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 2000இல் தமிழ் யூனிகோடு வந்தது என்பது ஒரு புதுப்பித்தல்தான். அது இல்லாமல் இந்தக் கட்டுரையை நான் இப்படித் தட்டச்சு செய்துகொண்டிருக்க முடியாது. எழுத்தைக் கொடுத்த அதே நகர்வு, அதற்கு முன் எழுதப்பட்டதை அனாதையாக்கியது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல நம் சொல்லாடலில் இன்னும் வாக்கியம் இல்லை.

உருமாற்றிகள் இருக்கின்றன, தெரியும். முயன்றோம். கிடைத்த உருமாற்றிகள் எதற்கும் அந்த எழுத்துரு பிடிபடவில்லை. அதைச் செய்தவர்கள் இப்போது அந்தத் தொழிலில் இல்லை. விசித்திரம் என்னவென்றால், மங்கிய காகிதத்தில், கரையான் ஓரத்தைத் தின்ற அந்த இதழ்களை எந்தப் புதுப்பித்தலும் இல்லாமல் இன்றும் படிக்க முடிகிறது. ஒரு கட்டுரையின் கடைசிப் பத்தியை எலி தின்றிருந்தால் எலி தின்றதென்று தெரிகிறது. சி.டி.யில் எல்லாம் முழுசாக இருக்கிறது.

அந்த அம்மா ஹார்டு டிஸ்க்கை மாற்றி எஸ்.எஸ்.டி. போடச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டாயிரத்துக்கு மேல் ஆகும் என்றதும் கொஞ்சம் யோசித்து, பாதியை இப்போதும் மீதியைச் சம்பளத்தன்றும் தருவதாகப் பேசிக்கொண்டார். பத்தே இருக்கட்டும், அப்டேட் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், பரீட்சை வரைக்கும் ஓடினால் சரி என்றார். பையன் மூடியிலிருந்த தூசியைத் துடைத்து, ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரெழுதி ஒட்டி, அடுக்கில் வைத்தான்.

நாங்கள் அந்த இதழ்களை அச்சுப் பிரதியைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம். மூன்று பேர், ஞாயிற்றுக்கிழமைகளில். முதல் இதழ் முடிந்தது. இரண்டாவதில் பதினான்காம் பக்கத்தில் நிற்கிறோம். எங்களிடம் உள்ள பிரதியில் அதற்குப் பின் நான்கு பக்கம் இல்லை. அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது என்று அவரைக் கேட்டால், ஒரு மொழிபெயர்ப்புக் கவிதையும் யாரோ கோபமாக எழுதிய கடிதமும் என்கிறார். யார் எழுதியதென்று அவருக்கும் நினைவில்லை.